வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் குடும்ப வழக்குகள் நடத்தினேன். முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும், இந்தச் சித்திரையோடு கட்டுகளையெல்லாம் ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். போன மாதம், பார் கவுன்சிலில் புதிதாகப் பதிவு செய்துகொண்ட மூன்று பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்த ஆசையாம். "மேடம், எதில ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். சட்டத்தை நீங்களே படித்துக்கொள்வீர்கள், படித்ததை எங்கே நிறுத்துவது என்பதை எழுதித் தருகிறேன் என்றேன். இந்த எண்கள் எனக்கு ஞாபகம் வந்த வரிசைதான்.

1. முதலில் உங்கள் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். விவாகரத்து என்பது வெளிநாட்டிலிருந்து வந்த வியாதி என்று உங்கள் எதிரில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்வார். பெண்ணைப் பெற்றவராகவும் இருப்பார், பையனைப் பெற்றவராகவும் இருப்பார். அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கம் தன் முதல் மாகாண மாநாட்டை இந்தச் செங்கல்பட்டில்தான் கூட்டியது. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் தலைமை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட அதே மேடையில், ஒத்து வாழ விருப்பமில்லாத கணவனும் மனைவியும் பிரிந்துகொள்ள உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1949-ல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு வழிசெய்யும் 13பி பிரிவு 1976-ல்தான் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பே, அறுத்துக்கட்டும் வழக்கம் நம் பக்கத்துச் சாதிகள் பலவற்றில் இருந்திருக்கிறது.

இதை நான் சரித்திரப் பாடமாகச் சொல்லவில்லை. வெட்கப்படுகிற கட்சிக்காரர் உண்மையைப் பாதிதான் சொல்வார். பாதி உண்மையை வைத்துக்கொண்டு நீங்கள் எழுதும் மனு, இரண்டாவது வாய்தாவிலேயே கவிழ்ந்துவிடும்.

2. முதல் ஒரு மணி நேரம் பேனாவைத் திறக்காதீர்கள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் திருவிடந்தை இருக்கிறது. நித்யகல்யாணப் பெருமாள் அங்கே நாளைக்கொரு பெண்ணாக முந்நூற்று அறுபது பெண்களை மணந்தார் என்பது ஐதீகம். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகள் மாலை சாற்றி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றுவார்கள். காய்ந்த மாலையை வீட்டில் பத்திரமாக மாட்டிவைத்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து திருப்பிச் சேர்ப்பார்கள். என்னிடம் வந்த ஒரு பெண், திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பெண், அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டாள்: "வக்கீலம்மா, கல்யாணம் ஆன கையோட மாலையைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டோம். இப்போ பெருமாளுக்கு என்னத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறது?" எந்தப் பிரிவில் மனு போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நிமிடம் பதில் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கைப் பற்றி அவள் பேசியது அதற்கு அப்புறம்தான்.

பெற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் சொல்லும் கதையும், தனியாக இருக்கும்போது சொல்லும் கதையும் வேறு. ஆண்பிள்ளைக்கும் அப்படித்தான்.

3. ஏன் முறிகிறது என்று கேட்டீர்கள். மனுக்களில் "கருத்து வேறுபாடு" என்று ஒரு சொல் வரும். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். குடி இருக்கும், சந்தேகம் இருக்கும், மாமியார் இருப்பார், குழந்தை இல்லாத ஏக்கம் இருக்கும், ஒருவருக்கு இரவு ஷிப்டும் மற்றவருக்குப் பகல் வேலையும் இருக்கும். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இதே கஷ்டங்களோடு சேர்ந்து வாழ்கிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நான் பார்த்தவரை, கஷ்டத்தை மறைத்த வீடுதான் கோர்ட்டுப் படி ஏறுகிறது.

ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். வேலை போய்விட்டது. போனதை வீட்டில் சொல்லவில்லை. தினம் காலை ஏழு மணிக்கு டிபன் கேரியரோடு கிளம்பி, கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஷிப்டு முடியும் நேரத்துக்கு வீடு திரும்புவார். இப்படியே நாலு மாதம். மாதத் தவணை கட்டவில்லை என்று வங்கியிலிருந்து ஆள் வந்தபோதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் நகையெல்லாம் அடகுக் கடையில் இருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேலை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நான் கட்டிக் குடுத்த சோத்தை நாலு மாசம் தனியா உக்காந்து தின்னிருக்காரே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம."

காசிமேட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் வாங்கிய கந்துவட்டி, ஆடி மாதத்தில் சண்டையாக வெடிக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர் வீட்டில் அது கிரெடிட் கார்டு. வீடுதான் வேறு வேறு.

இன்னொரு மறைப்பு, கல்யாணத்துக்கு முன்பே நடப்பது. பிள்ளைக்கு மனநோய்க்கு மாத்திரை நடக்கிறது, பெண்ணுக்கு வேறு ஒருவர் மேல் ஆசை, முதல் கல்யாணம் ஒன்று முறிந்திருக்கிறது. "தாலி ஏறிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் மூடி வைப்பார்கள். சரியாகாது. வலிப்பு வருகிற பெண்ணைச் சொல்லிக் கட்டிக்கொடுத்த இடத்தில் கணவன் அவளுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் கட்டிக்கொடுத்த இடத்தில் அதே நோய்க்காக மூன்றாம் மாதமே பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். முக்கியமான ஒன்றை ஏமாற்றி மறைத்திருந்தால் கல்யாணத்தையே செல்லாதென்று அறிவிக்கக் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு வழி தருகிறது. உண்மை தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பேசிப் பார்க்கிறோம் என்று சொந்தக்காரர்கள் இழுத்தடித்தே அந்த ஒரு வருடத்தைத் தின்றுவிடுவார்கள். கவனமாக இருங்கள்.

4. அடி விழுந்த வீட்டில் சமரசம் பேசாதீர்கள். நான் மற்ற எல்லா இடத்திலும் பொறுமையைச் சொல்வேன், இங்கே சொல்லமாட்டேன். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு உண்டு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று சொல்லி மட்டும் மருமகளை வெளியே தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சதீஷ் அகுஜா வழக்கில் சொல்லியிருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இரவில் அடி விழுந்தால் 181-க்குப் போன் போடச் சொல்லுங்கள். அந்த எண்ணை அவள் போனில் நீங்களே ஏதாவது ஒரு சொந்தக்காரர் பெயரில் பதிந்து கொடுங்கள். "அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவைத்த பெண் மறு வாரம் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தால், அந்த வார்த்தையை உங்களால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

5. மனுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் குழந்தை ஒருநாள் படிக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். ஒரு கணவருக்காக மனு எழுதினேன். அவர் சொன்னது குறைவு, அவருடைய அம்மா சொன்னது நிறைய. மனைவியின் நடத்தை பற்றி நாலு வரி எழுதினேன். ஆதாரம் என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மனு கனமாக இருந்தால்தான் எதிர்த்தரப்பு இறங்கி வரும் என்று அப்போது ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பினேன். இரண்டு வருடத்தில் ராஜியாகி, இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். மனு வாபஸ் ஆகிவிட்டதால் அந்த நாலு வரியும் போய்விட்டது என்று நினைத்தேன்.

இருபது வருடம் கழித்து ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் மஞ்சள் ஏறிய நகல், ஓரத்தில் கோர்ட்டு முத்திரை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். மனுவின் அடியில் என் பெயர். "இதை எழுதினது நீங்கதானா மேடம்?" என்றாள். ஆமாம் என்றேன். "இது நிஜமா?" "இல்லம்மா. நிஜம்னு சொல்ல அன்னைக்கும் எங்கிட்ட ஒண்ணும் இல்ல." அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மா போய் மூணு மாசம் ஆச்சு. இதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதை ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

ஆதாரமில்லாமல் நடத்தையைப் பழிப்பது சட்டப்படியும் உங்கள் கட்சிக்காரருக்கே வினை. மனுவிலும் எதிருரையிலும் வைக்கும் பொய்யான பழியே மனக்கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் பகத் வழக்கில் சொல்லிவிட்டது. எழுதியதைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். அந்த வீட்டுக் குழந்தை எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். தொண்டை அடைக்கிற வரியை அடியுங்கள். தேதி, இடம், நடந்த சம்பவம், மருத்துவச் சீட்டு இருந்தால் போதும், வழக்கு நிற்கும். மாமல்லபுரத்தில் என் கட்சிக்காரர் ஒருவர் சிற்பி. கல்லில் தப்பாக விழுந்த உளி வெட்டுக்கு ஒட்டுப்போட முடியாது, சின்ன உருவாகத்தான் எடுக்க முடியும் என்பார். மனு எழுத உட்காரும்போதெல்லாம் அவர் சொன்னது ஞாபகம் வரும்.

6. சொந்தக்காரர் பட்டியலை வழக்கில் கொட்டாதீர்கள். வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால், செய்தவர் மேல் புகார் கொடுங்கள். பழைய 498ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. ஆனால் துபாயில் இருக்கும் நாத்தனாரையும், படுக்கையில் கிடக்கும் பாட்டியையும் சேர்த்தால், உண்மையாக அடித்தவன் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். உடனே கைது என்பதும் இப்போது இல்லை. 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு அதை நிறுத்திவிட்டது.

7. குழந்தையைத் தபால்காரராக்காதீர்கள். "அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு", "அம்மா யார்கிட்ட போன்ல பேசறா?" — இந்த இரண்டு வாக்கியங்களையும் பேசக் கூடாது என்று முதல் நாளே இரு தரப்புக்கும் சொல்லிவிடுங்கள்.

ஐந்து வயதுக்குள் என்றால் பெரும்பாலும் தாயிடம் என்பது 1956-ம் ஆண்டுச் சட்டம். அதற்கு மேல் குழந்தையின் நலன் ஒன்றுதான் கணக்கு. தந்தையின் சம்பளமும் தாயின் கோபமும் அதற்குப் பின்னால்தான் வரும். பிரிந்த துணை குழந்தையைப் பார்க்க வரும்போது அவரை விருந்தாளியைப் போல நடத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் ஓர் உத்தரவில் சொன்னது. பெற்றவர்மேல் வெறுப்பு குழந்தைக்குத் தானாக வருவதில்லை, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும் என்றும் சொன்னது. அந்த உத்தரவைப் படித்த அன்று எனக்கு மனது நிறைந்தது. கட்சிக்காரர்கள் பலருக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

கோர்ட்டு வளாகத்தில் பார்க்கும்படி உத்தரவு வாங்குவதைக் கூடியவரை தவிருங்கள். போலீஸ், கைவிலங்கு, வக்கீல்கள் கூட்டம். வேப்ப மரத்தடியில் ஓர் அப்பா பால் பிஸ்கட்டைப் பிரித்து நீட்டிக்கொண்டே இருப்பார். நாலு வயதுப் பிள்ளை பாட்டியின் முந்தானையை விடாது. ஒரு மணி நேரம் அப்படியே போகும். சந்திப்பு கடற்கரையில் நடக்கலாம், கோயிலில் நடக்கலாம், தாய்மாமன் வீட்டில் நடக்கலாம். என் வழக்கு ஒன்றில், கல்பாக்கம் பக்கத்து அம்மாவும் செங்கல்பட்டு அப்பாவும் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் சந்தித்துப் பையனை மாற்றிக்கொள்வார்கள். ஒரு பையில் துணி, இழுப்புக்கான மருந்து, வீட்டுப்பாட நோட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் மாறி மாறி எழுதுவார்கள்: "வெள்ளி இரவு இருமல். டானிக் 5 மில்லி கொடுத்தேன்." "இருமல் இல்லை. ஐஸ் கேட்டான், வாங்கித் தரவில்லை." இருவரும் நேரில் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த நோட்டில் பிள்ளையை வளர்த்துவிட்டார்கள்.

8. பணத்தை வெளிச்சத்தில் பேசுங்கள். 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றுக்கும் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. உங்கள் கட்சிக்காரர் சம்பளத்தைக் குறைத்துச் சொன்னால், வருமான வரிக் கணக்கை எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் முகம் மாறும். மாறினாலும் குறைத்த கணக்கை எழுதாதீர்கள்.

சீதனம் மனைவியின் சொத்து. கணவன் வீட்டில் இருந்தால் அவர்கள் அதைப் பாதுகாப்பவர்கள் மட்டுமே என்பது 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே முடிந்த விஷயம். ஆனாலும் சீர் சாமானைத் திருப்பிக் கொடுக்கும் நாள் என்பது ஒரு சாவு வீடு மாதிரி. மினி லாரியில் பீரோ, கட்டில், கிரைண்டர், எவர்சில்வர் அண்டா, குடம். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெண்ணின் பெற்றோர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். ஒரு முறை, பட்டியலில் இருந்த ஒரு குங்குமச்சிமிழ் குறைகிறது என்று மொத்தமும் நின்றுபோனது. எட்டு கிராம் வெள்ளி. அதற்காக இரு வீட்டாரும் நடுத்தெருவில் மூன்று மணி நேரம் நின்றார்கள். சாமான்களைப் படம் எடுத்து, பட்டியல் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே லாரியை வரச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்ட இருவரும் அன்றைக்கு அங்கே இருக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு சித்தப்பா போதும்.

வீட்டு வேலை செய்த மனைவிக்குச் சொத்தில் பங்கா என்று கேட்பார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குச் சரிபாதி உண்டென்று சொன்னது. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவர் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் நியாயம். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் பாதி வீடு வந்துவிடும் என்று ஆசை காட்டாதீர்கள். தலைமுறை தலைமுறையாக அப்படி ஒரு சட்டம் எழுத மறந்திருக்கிறோம்.

9. இருவரும் சம்மதித்தால் 13பி. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து சொல்ல வேண்டும். எல்லாம் தீர்ந்து, சேர வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கு சொல்கிறது. மீளவே முடியாதபடி முறிந்த கல்யாணத்தை உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் முடித்துவைக்கலாம் என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அது டெல்லியில். இங்கே நம் கையில் இருப்பது சமரச மையம்தான். நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையத்தை 2005-லேயே தொடங்கியது நம் உயர் நீதிமன்றம். நல்ல சமரசகர் கிடைத்தால் உங்கள் பத்து வாய்தாவை ஒரு மத்தியானத்தில் முடித்துத் தருவார்.

அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எல்லா வழக்கிலும் மனு போடாதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் அது ஒத்திகைக் காலம். யார் பள்ளியில் விடுவது, பொங்கல் யார் வீட்டில், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதல் போன் — எழுதியதெல்லாம் நடக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். நடக்காததைத் திருத்தி எழுதலாம். இரண்டாவது முறை வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். 1991-லிருந்து அதுதான் சட்டம். அப்படித் திரும்பப் பெற்று, சேர்ந்து வாழ்ந்து, பேரன் எடுத்தவர்களும் என் கட்டில் இருக்கிறார்கள். அந்தக் கட்டை மட்டும் ஜூனியர்களிடம் கொடுக்கவில்லை.

10. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கல்யாணம் முறியாது. குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. பெரியவர்கள் நியாயமாகவே பேசுவார்கள், ஜீவனாம்சமும் வாங்கித் தருவார்கள். அந்தப் பேச்சை மதியுங்கள், அதை ராஜிக்கு அடிப்படையாக வையுங்கள். ஆனால் "இன்று முதல் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரை குத்தி வைத்துக்கொண்டு மறு கல்யாணம் செய்தால் அது செல்லாது. வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது, ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனால் இரண்டாவது மனைவியும் அவள் குழந்தைகளும்தான் தெருவில் நிற்பார்கள். தலைவர் முன்னால் மாலை மாற்றிய சுயமரியாதைத் திருமணமும் 1967-ம் ஆண்டுத் திருத்தத்தால் முழுச் சட்டத் திருமணம். அதையும் நீதிமன்றத்தில்தான் முடிக்க வேண்டும்.

கோவளத்தில் கார்மேல் மாதா கோயிலும் உண்டு, தமீம் அன்சாரி தர்காவும் உண்டு. உங்களிடம் எல்லோரும் வருவார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டுச் சட்டம், சம்மதப் பிரிவு 2001-ல்தான் வந்தது. திருச்சபை ரத்து செய்தாலும் சிவில் சட்டப்படி அது போதாது. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தனியார் அமைப்புகள் குலா சான்றிதழ் கொடுக்க முடியாது, குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று நம் உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. முத்தலாக் 2019 முதல் குற்றம்.

11. சம்மன் வந்தால் வாங்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டால் வழக்கு போய்விடும் என்று நினைக்கிறார்கள். எக்ஸ்பார்ட்டி ஆகி, தீர்ப்பே முடிந்த பிறகு அழுதுகொண்டு வருவார்கள். மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

12. பெற்றவர்களுக்கும் நீங்கள்தான் வக்கீல். மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அப்பாவைவிடத் தைரியசாலியை நான் பார்த்ததில்லை. அவரிடம் அதைச் சொல்லுங்கள், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் "என் மானம் போச்சு, அவனைச் சும்மா விடமாட்டேன்" என்று அவர் வழக்கைத் தன் வழக்காக்கிக்கொள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். பெண் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்த பிறகும், அப்பாவின் கோபத்துக்காக ஏழு வருடம் நடந்த வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். ஆரம்பிக்கும்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

13. பணத்தில் சுத்தமாக இருங்கள். ஜீவனாம்சத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசக் கூடாது, அது விதிப்படியே தப்பு. வரும் பெண்ணிடம் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. எண் 15100. உங்கள் வரும்படி குறைந்தாலும் இதை மறைக்காதீர்கள்.

14. தீர்ப்போடு கட்டை மூடாதீர்கள். சான்றளித்த நகல் இரண்டு வாங்கிக் கொடுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணப் பேச்சு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ரேஷன் கார்டில் பெயர் பிரித்தாயிற்றா, கூட்டுக் கணக்கை மூடியாயிற்றா, எல்ஐசி பாலிசியில் நாமினி யார், பிஎஃப்பில் யார், குழந்தையின் பள்ளியில் இருவர் போன் எண்ணும் இருக்கிறதா. பிரிந்து பன்னிரண்டு வருடம் ஆனவர் விபத்தில் போய், பழைய நாமினியும் வயதான தாயும் ஒரே பணத்துக்கு வழக்காடியதைப் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் பீஸ் கிடையாது. அரை நாள் வேலை.

தீர்ப்பு வரும் நாளில் கட்சிக்காரரைத் தனியாக வரவிடாதீர்கள். இத்தனை வருடம் எதற்காக அலைந்தார்களோ அது கிடைத்த நிமிடத்தில் பலருக்குக் கால் நிற்காது. கோர்ட்டு வாசலில் ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, மாமல்லபுரம் பஸ் வரும்வரை கூட இருங்கள். ஜன்னலோர சீட் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன் போட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள்.